கவுஞ்சிப் புல்மேட்டில்

மாட்டுப்பொங்கலுக்குப் பூசிய சாயம் கொம்புகளில் இன்னும் அழியவில்லை. ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குச் சிவப்பு, ஒரு கிடேரிக்கு மட்டும் இரண்டும். கவுஞ்சிக்கு மேல்புறம் போகும் ஒற்றையடிப் பாதையில் அவை வரிசையாக ஏற, பின்னால் நாங்களும் ஏறினோம். வெயில் எட்டாத சரிவில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வெயில் விழுந்த பக்கத்தில் அதுவே நீராகிப் புல்லின் தாளில் வழிந்துகொண்டிருந்தது. தை மாதத்தில் பழனிமலையின் இந்த மேல்மலைப் புல்லைப் பச்சையாகப் பார்க்க முடியாது. சாம்பல் கலந்த பழுப்பு. முழங்கால் உயரத்தில், தூர் தூராக, தூருக்குத் தூர் ஒரு சாண் இடைவெளி விட்டு, முகடு வரைக்கும் அதேதான்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் என்று வரும் சாலை கவுஞ்சியைத் தொட்டுக்கொண்டு பூண்டி, கிளாவரைப் பக்கம் போகிறது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். சரிவுகளைப் படிக்கட்டாக வெட்டிய தோட்டங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் மன்னவனூர் ஏரியோடு திரும்பிவிடும். அதற்கு மேலே மாடு வைத்திருக்கிறவர்கள் எப்படி மேய்க்கிறார்கள், அந்தப் புல்வெளி அதைத் தாங்குகிறதா, அதைக் காப்பாற்றும் வேலையில் அவர்களுக்கு என்ன இடம் என்று பார்க்கத்தான் போயிருந்தேன். 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது, மங்கோலியா முன்வைத்த தீர்மானம் அது. உலகின் தரைப்பரப்பில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மேய்ச்சல் நிலம்தான். பேச்சு வரும்போது மட்டும் மங்கோலியா, கென்யா, அமெரிக்காவின் மேற்கு என்று போய்விடுகிறோம். திண்டுக்கல் மாவட்டத்து மலைமுகட்டிலும் அதே கேள்வி நின்றுகொண்டிருக்கிறது.

என்னை அழைத்துப் போனவர் அறுபதைத் தாண்டியவர். சிறுவயது முதல் மாட்டோடு திரிந்தவர். பெயர் வேண்டாம் என்றதால் பெரியவர் என்றே எழுதுகிறேன். கையில் ஒரு கம்பு. இடுப்பில் துணி முடிச்சு. முடிச்சில் கல்லுப்பு.

“உப்பு எதுக்குங்கய்யா?”

“கூப்புட்டா வரணும்ல தம்பி. நம்ம சத்தத்துக்கு வரும், வராமயும் போகும். உப்புக்குக் கட்டாயம் வரும்.”

மேட்டில் ஒரு தட்டைப் பாறை. அதில் இரண்டு கை உப்பைக் கொட்டினார். சரிவில் பரவியிருந்த மாடுகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கி அந்தப் பக்கம் நகர்ந்தன. பாறையைச் சுற்றி மண் கொஞ்சம் குளம்படி பட்டிருந்தது, ஆனால் வெறுந்தரையாகவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாறையைக் கம்பால் சுட்டிக்காட்டினார். அங்கே சுற்றிலும் புல்லே இல்லை. செம்மண் தெரிந்தது. முன்பெல்லாம் எல்லாரும் அங்கேயே உப்பு வைத்ததால் வந்த வினை என்றார். இப்போது அவர் ஒரே பாறையில் வைப்பதில்லை. மாடு எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்பதை உப்பை வைத்தே முடிவு செய்கிறார்.

அமெரிக்காவின் மேய்ச்சல் நிலத் துறைகள் தங்கள் பண்ணைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் இது ஒன்று. உப்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைக்காதே, தூரத்தில் வை, இடத்தை மாற்றிக்கொண்டே இரு, அப்போதுதான் மந்தை பரவி மேயும், ஓடைக்கரை மிதிபடாது. பெரியவர் அதை எந்தத் துறையிடமும் கற்கவில்லை. அந்தச் செம்மண் வட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

புல்தூர் ஒன்றைக் கம்பால் விலக்கி, குனிந்து பாருங்கள் என்றார். மாடு கடித்த தூர். தாள்கள் நாலு விரல் உயரத்தில் ஒழுங்கில்லாமல் பிய்ந்திருந்தன. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டிப் பிடித்து, கீழ்ப்பல்லில் அழுத்தி இழுக்கும். அதனால் மாட்டால் தரையை ஒட்டி மேய முடியாது. சற்றுத் தள்ளி மட்டக்குதிரைகள் மேய்ந்த இடம். மேலும் கீழும் பல் உள்ள விலங்கு அது. கத்தியால் நறுக்கியதுபோல் மண்மட்டத்துக்கு வெட்டியிருந்தது. செம்மறியும் உதட்டை ஒதுக்கிக்கொண்டு அடிவரை போகக்கூடியது. எத்தனை விலங்கு என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த விலங்கு என்றும் கேட்க வேண்டும். மூட்டை சுமக்கவும் சுற்றுலாவுக்கும் என்று வளர்க்கும் குதிரைகளை வேலையில்லாத நாளில் புல்மேட்டில் அவிழ்த்துவிடுவது மேல்மலைக்குப் புதிதல்ல. மேய்ச்சல் பற்றி எழுதுகிறவர்கள் மாட்டையும் ஆட்டையும் எண்ணிவிட்டுக் குதிரையை விட்டுவிடுகிறார்கள்.

புல் வளர்வது நுனியில் அல்ல, அடியில். வளரும் கண் மண்ணை ஒட்டியிருக்கிறது. அதனால்தான் கடித்தாலும் மறுபடி தழைக்கிறது. ஆனால் தழைப்பதற்கான சத்தை வேரிலிருந்தும் அடித்தண்டிலிருந்தும் எடுக்கிறது. புதுத்தாள் விரிந்து, வெயில் குடித்து, எடுத்ததைத் திருப்பி வேருக்கு அனுப்பக் காலம் வேண்டும். அதற்குள் மாடு திரும்பி வந்து அந்த இளந்தாளையும் கடித்தால் அது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற கதை. வேர் சுருங்கும், தூர் செத்துப்போகும், அந்த இடைவெளியில் வேறு செடி வரும். மேய்ச்சலைக் கெடுப்பது மாட்டின் எண்ணிக்கையைவிட, ஓய்வில்லாமை. நூறு மாடு சில நாள் மேய்ந்துவிட்டு மாதக்கணக்கில் வராவிட்டால் புல் எழுந்துவிடும். பத்தே மாடு தினமும் அதே சரிவில் நின்றால் எழாது.

ஊரை ஒட்டிய நிலத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். அங்கே தூர்ப்புல் இல்லை. மெத்தை விரித்த மாதிரி தரையோடு பின்னிக் கிடந்தது கிக்குயூ புல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தீவனத்துக்காக உலகம் முழுவதும் கொண்டுபோகப்பட்ட புல். சாணமும் மிதியும் ஈரமும் உள்ள இடத்தில் அதை அடக்க முடியாது. மாடுகளுக்கு அது பிடிக்கும், பால் சுரக்கும், பெரியவர் அதைப் பழிக்கவில்லை. ஆனால் அது படர்ந்த இடத்தில் மேல்மலையின் சொந்தப் புற்கள் திரும்ப வருவது கடினம். அந்தப் புல்தூர்களுக்கு நடுவேதான் தரை ஆர்க்கிட்டுகள் பூக்கின்றன, குறிஞ்சி புதராக நிற்கிறது. 2018இல் பூத்த குறிஞ்சி இனி 2030இல் பூக்க வேண்டும். உயரமான புல்வெளியைத் தவிர வேறெங்கும் வாழத் தெரியாத நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவையும் அந்தத் தூருக்கு அடியில்தான் கூடு வைக்கும்.

முகட்டைத் தாண்டியதும் புல்வெளி சட்டென்று நின்றது. எதிரே சீகைக் காடு. வனத்துறையின் பழைய தோட்டம் ஒன்றிலிருந்து கிளம்பி வந்த கறுப்பு வாட்டில் மரங்கள். முன்வரிசையில் விரல் பருமனில் ஆயிரக்கணக்கான கன்றுகள், அதற்குப் பின்னால் கை பருமன், அதற்கும் பின்னால் முழு மரம். வயது வரிசையாக அவை புல்லுக்குள் இறங்கி வருவது தெரிந்தது. பெரியவர் நடந்துகொண்டே ஒரு கன்றைப் பிடுங்கினார். ஈரமண்ணில் வேரோடு வந்தது. அடுத்ததையும் பிடுங்கினார். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கை அதைச் செய்துகொண்டே இருந்தது.

“இந்த மேட்டுல எங்கய்யா காலத்துல ஒரு மரம் கெடையாது தம்பி. அந்தக் கோடி வரைக்கும் மாடு நிக்கிறது இங்கருந்து தெரியும்.”

அவர் சொன்னதைச் செயற்கைக்கோள் படங்களும் சொல்கின்றன. அரசுமணி, வி.வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1973 முதல் 2014 வரையான படங்களை ஒப்பிட்டு, கள ஆய்வும் செய்து, 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழனிமலையின் இயற்கையான புல்வெளியில் 66 சதவீதம் நாற்பது ஆண்டுகளில் போய்விட்டது. சோலைக்காடு இழந்தது 31 சதவீதம். ஒரு காலத்தில் மலையில் மிகுதியாக, தொடர்ச்சியாக இருந்தது புல்வெளி. இன்று அரிதாக, துண்டு துண்டாகக் கிடப்பதும் அதுதான். அதை விழுங்கியதில் பெரும்பங்கு மரத் தோட்டங்களுக்கும் அவற்றிலிருந்து பரவிய மரங்களுக்கும். விவசாயத்தின் பங்கு அதற்கு அடுத்ததே. மேய்ந்து தீர்ந்த புல்வெளி என்று ஒரு கணக்கு அதில் தனியாக வரவில்லை.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்மலையில் புல் குறைந்தது என்றதும் மாட்டைக் குற்றவாளியாக்குவது வழக்கமாகிவிட்டது. வெள்ளைக்கார ஆட்சி இந்தப் புல்மேடுகளைத் தரிசு என்று எழுதி வைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் தரிசைப் ‘பயனுள்ளதாக்க’ தோல் பதனிட வாட்டிலும், கூழுக்கு யூகலிப்டஸும், மரத்துக்குப் பைனும் நட்டோம். மரம் நட்டால் காடு, காடு வந்தால் நன்மை என்ற நம்பிக்கை. புல்வெளி காடு அழிந்த இடம் அல்ல. நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட முடிவின்படி, இந்த உயரங்களில் புல்லும் சோலையும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப ஒன்றுக்கொன்று இடம் விட்டும் பிடித்தும் இருபதாயிரம் ஆண்டுகளாக இருந்துவருகின்றன. மனிதன் இங்கே கோடாரி தூக்கும் முன்பே புல் இருந்தது. காலையில் நாங்கள் மிதித்து வந்த உறைபனியும் அதற்கு ஒரு காரணம். வெட்டவெளியில் சோலை மரத்தின் கன்று அந்தக் குளிரைத் தாங்காது. மடிப்புக்குள், ஈரமும் மறைவும் உள்ள இடத்தில் சோலை, மேட்டில் புல். கவுஞ்சியிலிருந்து பார்த்தால் இன்னும் ஒன்றிரண்டு இடங்களில் அந்த அமைப்பு அப்படியே தெரிகிறது.

சீகை ஓரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு ஊற்று. ஆட்கள் கல் பதித்துச் சிறு குழியாக வைத்திருந்தார்கள். தண்ணீர் இருந்தது. கை நனைக்கும் அளவு, கொஞ்சமாக ஓடியும் கொண்டிருந்தது. புல்தூரின் வேர்ப்பின்னலும் அதன் கீழே உள்ள கறுப்பு மண்ணும் மழையைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுகத்தான் விடும். பனிக்காலத்தில் புல் காய்ந்து அடங்கிவிடுவதால் அது தண்ணீர் கேட்காது. வாட்டில் அப்படி இல்லை, வருஷம் முழுக்கப் பச்சையாக நின்று உறிஞ்சும். இந்த வடமேற்குச் சரிவுகளின் ஓடைகள் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி அமராவதிக்குப் போகின்றன. உடுமலையிலும் தாராபுரத்திலும் வாய்க்காலில் வரும் நீருக்கு இந்தக் குழியிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

தாராபுரம் என்றதும் பெரியவர் நின்றார். “எங்க ஆளுக அங்கருந்து ஏறி வந்தவங்கன்னு சொல்லுவாங்க தம்பி.” அவருடைய சமூகமான குன்னுவர்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதியிலும் அந்த வழக்கு பதிவாகியிருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தாராபுரம், காங்கேயம் நாட்டிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறிய வேளாளர்கள் என்று. அவர்களுக்கும் முன்பே பளியர்கள் இந்த மலையில் இருந்தார்கள்.

அந்தக் காங்கேயம் நாட்டில்தான் தமிழகத்தின் மிகச்சிறந்த மேய்ச்சல் முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. கொரங்காடு என்பார்கள். மழை குறைந்த மேட்டு நிலத்தை முள்கிளுவை வேலியால் அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் ஆங்காங்கே வெள்வேல மரத்தையும் வைத்து, அதில் காங்கேயம் மாட்டை அடைத்து மேய்ப்பது. ஒரு காட்டில் புல் இறங்கியதும் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றிவிட்டுப் படலைச் சாத்திவிடுவார்கள். மழை பெய்து புல் எழுந்து விதை உதிரும் வரை அந்தப் படல் திறக்காது. கோடையில் புல் இல்லாத நேரத்துக்கு வெள்வேலங்காய். ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி வழியாக உலகம் முழுக்கப் பரவிய சுழற்சி மேய்ச்சல் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அந்தச் சண்டைக்குள் போகாமலே சொல்லலாம்: மாட்டை நகர்த்து, புல்லுக்கு ஓய்வு கொடு, விதை உதிர விடு என்ற மூன்றையும் கொங்கு நாட்டு மாட்டுக்காரர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல் செய்துவருகிறார்.

மேல்மலையில் அதே முறையை அப்படியே இறக்க முடியாது. கொரங்காடு பட்டா நிலம். படலைச் சாத்தவும் திறக்கவும் உரிமைக்காரர் ஒருவர் இருக்கிறார். கவுஞ்சியின் புல்மேட்டுக்கு அப்படி யாரும் இல்லை. காகிதத்தில் வனத்துறையுடையது, வழக்கத்தில் ஊருடையது, நடப்பில் முதலில் மாட்டை ஓட்டுகிறவருடையது. நான் ஒரு சரிவுக்கு ஓய்வு கொடுத்தால் அடுத்த ஆள் மாடு அங்கே நிற்கும் என்ற அச்சம் எல்லாருக்கும் இருக்கிறது. வழியில் சந்தித்த இளைஞர் ஒருவர் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: “நான் மட்டும் நிறுத்தி என்னாண்ணே ஆகப்போகுது?” அவருக்கு நாலு மாடு. அவருடைய பூண்டுத் தோட்டத்துக்கு எரு அந்த நாலிலிருந்துதான்.

எரு என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் பேர் வாங்கித் தந்ததில் மண்ணுக்கும் குளிருக்கும் உள்ள பங்கு சாணத்துக்கும் இருக்கிறது. பகலில் மேட்டில் மேய்ந்து இரவில் தொழுவத்தில் அடையும் மாடு, மலையின் சத்தைச் சுமந்துவந்து தோட்டத்தில் சேர்க்கிறது. மாட்டைக் கைவிட்டால் உரமூட்டையை வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். அந்த உரம் அடுத்த மழையில் இதே ஓடைகளில் இறங்கும். மேய்ச்சல் இல்லாத மேல்மலை சுத்தமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் யோசிக்க வேண்டும்.

சட்டம் இப்போதைக்குத் தடையின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. பர்கூர் மலையில் செம்மறை மாடு வளர்ப்பவர்களும், தேனிப் பக்கத்தில் மலைமாடு வைத்திருப்பவர்களும் அதனால் கலங்கிப்போனார்கள். மறுபுறம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே ஏற்கிறது. அதோடு, ஊர் வழிவழியாகக் காத்துவந்த வனவளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையையும் தருகிறது. பழங்குடியல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சட்டம்தான். இடையில் நிற்பது மாடு.

தடை போட்டால் புல் திரும்பிவிடும் என்றால் நானும் தடையின் பக்கம் நிற்பேன். ஆனால் அந்தச் சீகை ஓரத்தைப் பார்த்தபிறகு அப்படி நம்ப முடியவில்லை. மாடு போய்விட்டால் வாட்டில் நிற்குமா? அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தீப்பட்டால் மொத்தமாக முளைக்கும். புது இளந்தளிருக்காகக் கோடையில் புல்லுக்குத் தீ வைக்கும் பழைய பழக்கம் சீகை இல்லாத காலத்தில் புல்லைப் புதுப்பித்திருக்கலாம். விதை கிடக்கும் மண்ணில் அதே தீ சீகையை எழுப்பிவிடுகிறது. பெரியவருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தீ வைத்த ஒரு சரிவில் அடுத்த மழைக்குப் பிறகு புல்லே தெரியாமல் சீகைக் கன்று நின்றதைக் காட்டினார். வெட்டினாலும் அதே கதை. வெட்டிய இடத்துக்கு ஆண்டுதோறும் ஆள் போய்க் கன்றைப் பிடுங்காவிட்டால் பழையதைவிட அடர்த்தியாக வரும்.

தமிழக அரசு 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென்று ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. நீதிமன்ற உத்தரவுகளும் உண்டு. வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் பல ஆண்டுகள் நாற்றங்கால் வைத்துச் சோலை மரங்களை வளர்த்து, பழைய வாட்டில் தோட்டத்தின் நிழலிலேயே சோலை மீண்டும் முளைப்பதைக் கவனித்தவர்கள். எல்லாத் தோட்டத்தையும் மொட்டையடிக்கத் தேவையில்லை என்று அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. மடிப்புக்குள் உள்ள வயதான தோட்டத்தைச் சோலையாக மாற விடலாம். அவசரம் இந்த ஓரத்தில்தான், விரல் பருமன் கன்றுகள் புல்லுக்குள் இறங்கும் இந்த ஓரத்தில். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஈரம் உள்ள மாதங்களில், வாரத்துக்கு இரண்டு நாள், மலையை அறிந்த கைகள் வேண்டும். தென்னாப்பிரிக்கா 1995இல் தொடங்கிய ‘தண்ணீருக்காக உழைப்போம்’ திட்டம் செய்தது இதைத்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து போன இதே கறுப்பு வாட்டிலை, ஆற்றுநீரைக் காப்பதற்காக, வேலையில்லாத கிராமத்து மக்களுக்குக் கூலி கொடுத்துப் பிடுங்க வைத்தார்கள். கவுஞ்சியில் மாடு மேய்ப்பவர் எப்படியும் தினமும் அந்த ஓரத்துக்குப் போகிறார். கையும் அங்கே இருக்கிறது. கூலிதான் இல்லை.

திரும்பும் வழியில் காட்டுமாட்டுச் சாணம் கிடந்தது, பெரிதாக, இன்னும் ஈரமாக. எங்கள் மாடுகள் மேய்ந்த அதே சரிவு. புல்வெளி சுருங்கச் சுருங்கக் காட்டுமாடும் வீட்டுமாடும் ஒரே துண்டில் மேய வேண்டிய நிலை. காட்டுமாடு கேரட் தோட்டத்துக்கு இறங்குவதற்கும் கொடைக்கானல் நகரத் தெருவில் நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணம். ஒரே புல்லில் மேய்வதில் இன்னொரு அபாயம் நோய். 1968இல் முதுமலை, பந்திப்பூர் பக்கத்தில் வெக்கை நோய் புகுந்து காட்டுமாடுகளைக் கூட்டமாகக் கொன்றது. அந்த நோயை உலகமே 2011இல் ஒழித்துவிட்டது. கோமாரி இன்னும் இருக்கிறது. அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019 முதல் நடக்கிறது. காட்டோர ஊர்களில் ஒரு மாடு விடாமல் போடுவது மாட்டுக்காரருக்கும் லாபம், காட்டுமாட்டுக்கும் காப்பு. மேட்டில் திரியும் மாடுகளை ஊசி போடும் நாளில் ஓரிடத்தில் கூட்டுவது கால்நடை மருத்துவருக்குப் பெரும்பாடு. பெரியவரிடம் கேட்டேன். இடுப்பு முடிச்சைத் தட்டிக் காட்டினார்.

மதியத்துக்கு மேல் மன்னவனூர் ஆட்டுப் பண்ணைப் பக்கம் இறங்கினேன். ராஜஸ்தானில் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இது. 1965 முதல் இருக்கிறது. இங்கே பாரத் மெரினோ செம்மறியும் முயலும் வளர்க்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளாடை போர்த்திய மாதிரி மந்தை மேய்வதைப் பார்க்க வெளியூர் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேல்மலைப் புல்லில் கால்நடை வளர்க்கும் அனுபவம் அரசாங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் புல் எத்தனை நாளில் எழும், எவ்வளவு மேய்ந்தால் தாங்கும் என்பதை வேலிக்குள் அளந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தக் கணக்கை வேலிக்கு வெளியே உள்ள ஊர்களோடு உட்கார்ந்து பேசினால், பெரியவரின் கம்பும் அங்குள்ள அளவுகோலும் ஒரே சரிவில் சந்திக்கும்.

மாலையில் ஊரில் டீக்கடை முன்னால் நாலைந்து பேர் கூடினார்கள். குடியரசு தினத்துக் கிராமசபை வருகிறதே, மேய்ச்சலைப் பற்றி அதில் கேட்டால் என்ன என்று பேச்சு வந்தது. மாட்டை மொத்தமாக விடச் சொல்லியும் கேட்க வேண்டாம், மொத்தமாகத் தடுக்கவும் விட வேண்டாம் என்றார் ஒருவர். மேட்டை மூன்றாகப் பிரித்து ஒன்றுக்கு ஒரு வருஷம் ஓய்வு என்று ஊரே எழுதிக்கொடுத்துவிட்டு, மூடிய துண்டில் சீகை பிடுங்கும் கூலியை வனத்துறையிடம் கேட்கலாம் என்றார் காலையில் நான் சந்தித்த இளைஞர். குதிரைக்காரர்களும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் குரலை உயர்த்தினார். அவருடைய மாடுகள் மேயும் சரிவில்தான் குதிரைகள் ஒட்ட வெட்டியிருந்தன. முதல் வருஷம் எந்தத் துண்டை மூடுவது என்பதில்தான் தகராறு. ஆளுக்கொரு சரிவைச் சொன்னார்கள். பெரியவர் கடைசியில் ஊற்றுக்கு மேலே உள்ள துண்டைச் சொன்னார். அவருடைய மாடுகள் அதிகம் மேய்வது அங்கேதான் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் மறுக்கவில்லை. அந்த அம்மா மட்டும், “எழுதி வைங்க, அப்பறம் மாத்திப் பேசக் கூடாது” என்றார்.